சுட்டால் 'டிக்' மட்டும்: பிரைமரை மாற்றுவதா, பதிப்பைத் திருத்துவதா, துப்பாக்கியைப் பிரிப்பதா?

விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்லும் தீர்ப்பு, "பிரைமர் மட்டம், வேற கம்பெனி வாங்குங்க." பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருக்கும், துப்பாக்கியின் ஊசி அடித்ததும் பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் சின்ன மூடி. பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு தப்பு. தொழிற்சாலையிலிருந்து உயிரில்லாமல் வரும் பிரைமர் அபூர்வம். அதைத் தோட்டாவின் உலோகக் கூட்டில் பதித்த விதத்திலோ, கூட்டின் அளவிலோ, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டிலோதான் கோளாறு இருக்கும். இருந்தாலும் ஜனம் முதலில் பிரைமர் டப்பாவைத்தான் மாற்றுகிறது, ஏனென்றால் அதுதான் சுலபம்.

வேலூர்ப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டு வகை. இங்கே படித்துவிட்டு டெக்சாஸிலோ அரிசோனாவிலோ குடியேறி, .223, .308 தோட்டாக்களை வீட்டு ஷெட்டில் தாமே நிரப்பிச் சுடுகிறவர்கள் ஒரு வகை. குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கம் குடும்ப லைசென்ஸில் ஒரு .315 ரைபிளோ 12 போர் துப்பாக்கியோ வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. கோளாறு இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் சட்டம் ஒன்றல்ல. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவது சாதாரண பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தயாரிப்பு லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தின் 'ஆம்யூனிஷன்' வரையறைக்குள் வந்துவிடும். ஆகவே கீழே பதிப்பது பற்றியும் பிரைமர் மாற்றுவது பற்றியும் வருவதெல்லாம் முதல் வகையினருக்கு. ஊரில் இருப்பவருக்கான வழிகள் கடைசியில் வருகின்றன.

முதலில் கையை எடுங்கள்

'டிக்' கேட்டதும் போல்ட்டைத் திறக்கக் கூடாது. குழல் வாய் பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும், 30 விநாடி காத்திருங்கள். பிரைமர் பற்றி, மருந்து தாமதமாகப் பிடிக்கும் ரகம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் போல்ட் திறந்திருந்தால் கூடு முகத்துக்கு நேரே கிழியும்.

'டிக்' இல்லாமல் 'பொத்' என்று அமுங்கிய சத்தம் வந்து, தோள் உதைப்பும் குறைவாக இருந்தால் அது வேறு விஷயம். பிரைமர் வெடித்திருக்கிறது, மருந்து பற்றவில்லை. குண்டு குழலுக்குள் பாதியில் நிற்கலாம். அன்றைய சுடுதலை அங்கேயே நிறுத்திவிட்டு, போல்ட்டைக் கழற்றிக் குழலை ஊடுருவிப் பாருங்கள். அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டவர்களின் குழல்தான் வாழைப்பூ மாதிரி விரிகிறது.

பள்ளத்தைப் படிப்பது

பிரைமர் என்பது ஒரு சின்ன உலோகக் கிண்ணம், அதன் அடியில் லெட் ஸ்டிஃப்னேட் கலவை, அதன் மேல் மூன்று அல்லது இரண்டு கால் உள்ள ஆன்வில் என்ற சின்ன உலோகத் துண்டு. ஊசி கிண்ணத்தின் வெளிப்புறத்தை உள்ளே குழிக்கும்போது, கலவை கிண்ணத்துக்கும் ஆன்விலுக்கும் நடுவில் நசுங்கிப் பற்றுகிறது. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. அடுத்த ஆண்டே, 1807ல், ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 'அடித்தால் பற்றும்' முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து நிபந்தனை ஒன்றே ஒன்று: நசுங்க வேண்டுமானால் அடியில் கெட்டியான தரை வேண்டும். ஆன்வில் கால்கள் பாக்கெட்டின், அதாவது கூட்டில் பிரைமர் உட்காரும் குழியின், தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால், ஊசியின் வேகம் முழுக்க பிரைமரைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடும்.

அதனால் வெடிக்காத தோட்டா ஒரு சாட்சி. அதைத் தூக்கி எறியாமல் இப்படி விசாரியுங்கள்.

காத்திருந்த பிறகு, குழலை அதே திசையில் வைத்தபடி இரண்டாவது முறை அடிக்கவிட்டால் வெடிக்கிறதா? வெடித்தால் பெரும்பாலும் பதிப்புக் கோளாறு. முதல் அடி பிரைமரை உள்ளே உட்காரவைத்தது, இரண்டாவது அடி பற்றவைத்தது. இரண்டாவதிலும் வெடிக்கவில்லை, பள்ளம் ஆழமாகவும் நடுவிலும் விழுந்திருக்கிறது என்றால், பிரைமரே செத்தது. ஈரம், எண்ணெய், ஆன்வில் இல்லாத உருப்படி, ஏதோ ஒன்று. பள்ளம் லேசாக, பொட்டு வைத்த மாதிரி மேலோட்டமாக இருந்து இரண்டாவதிலும் வெடிக்காவிட்டால், துப்பாக்கியையோ கூட்டின் தோள் (கழுத்துக்குக் குறுகும் சரிவு) அளவையோ சந்தேகியுங்கள்.

இதையெல்லாம் விடச் சீக்கிரம் வழக்கை முடிக்கிற சோதனை ஒன்று உண்டு. அதே ரைபிளில் 20 தோட்டா உள்ள ஒரு கம்பெனிப் பெட்டியைச் சுட்டுப் பாருங்கள். இருபதும் சுத்தமாக வெடித்தால் துப்பாக்கி குற்றவாளி அல்ல, உங்கள் மேசைதான். அதிலும் ஒன்றிரண்டு 'டிக்' என்றால் பிரைமர் கம்பெனியைத் திட்டுவதை நிறுத்திவிட்டு போல்ட்டைப் பிரிக்கலாம். ஒரு பெட்டிச் செலவு, ஆயிரம் பிரைமரை வீணாக வாங்கும் செலவை விடக் குறைவு.

பதிப்பைத் திருத்துவது

முதலில் முயல வேண்டியது இதுதான். காசு குறைவு, பலன் அதிகம்.

அளவு தெரிந்திருக்க வேண்டும். லேத்காரர் சொல்லும் 'தவு' கணக்கிலேயே சொல்கிறேன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 25 மைக்ரான். பெரிய ரைபிள் பிரைமரின் பாக்கெட் ஆழம் 125 முதல் 132 தவு, சின்ன ரைபிள் பாக்கெட் 117 முதல் 123 தவு. பதித்து முடித்த பிரைமரின் முகம், கூட்டின் அடிப்பரப்பை விட 3 முதல் 5 தவு உள்ளே இருக்க வேண்டும். மட்டத்துக்குச் சமமாக இருப்பது போதாது. மேலே துருத்தியிருந்தால் 'டிக்' என்பது சின்னத் தொல்லை. தானியங்கி ரைபிளில் போல்ட் மோதும் வேகத்திலேயே, விசையைத் தொடாமலே, வெடித்துவிடலாம்.

பார்க்கும் முறை எளிது. பதித்த கூட்டைக் கண்ணாடி மேல் நிமிர்த்தி வையுங்கள். ஆடினால் பிரைமர் துருத்தியிருக்கிறது. ஆடாதவற்றில் பத்தில் ஒன்றை எடுத்து காலிப்பரின் ஆழக்கம்பியால் அளந்துவிடுங்கள். கட்டைவிரலைத் தடவினாலே ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். பழகிய கைக்கு அதுவே போதும்.

பிரைமர் ஏன் முழுக்க உட்காரவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. பழைய கரி தரையில் கெட்டியாகப் படிந்திருந்தால் ஆன்வில் கால்கள் அதன் மேல் நின்றுவிடும். ஸ்கிரேப்பரால் இரண்டு சுற்றுப் போதும். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நெரித்து இறுக்கியிருப்பார்கள், அந்த உதட்டை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தி விரித்தோ) ரீமரால் சீவியோ எடுக்காமல் புதிய பிரைமரை அழுத்தினால் அது ஓரம் சிதைந்து கோணலாக நிற்கும். தண்ணீரில் கழுவிய கூட்டில் பாக்கெட்டுக்குள் ஈரம் தங்கும், வெளியே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே காயாது. ஒரு முழு நாள் வெயில், அல்லது தாழ்ந்த சூட்டில் வைத்த ஓவன். பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் ஃபிளாஷ் துளையில் பாலிஷ் தூள் அடைத்துக்கொள்வதும் வழக்கம். அந்தத் துளை பொதுவாக 2 மி.மீ., வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும்.

எந்தக் கருவியில் பதிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. தோட்டா நிரப்பும் பிரெஸ்ஸோடு வரும் பிரைமிங் கை இலவசம் போலத்தான், ஆனால் அதன் நெம்புகோல் பலம் அதிகம். பிரைமர் தரையைத் தொட்டதா, நசுங்குகிறதா என்று கைக்குத் தெரியாது. பலர் பயந்து பாதியில் நிறுத்துவார்கள், அங்கேதான் துருத்தல் பிறக்கிறது. புரோகிரஸிவ் பிரெஸ் வேகத்துக்கு நல்லது. ஆனால் ஒரே இழுப்பில் நாலு வேலை நடப்பதால், பிரைமர் நிலையில் ஏற்படும் இறுக்கம் மற்ற இறுக்கத்தோடு கலந்துபோகும். கைப்பிடிக் கருவி, அதாவது விரல்களால் அமுக்கும் வகை, 50 முதல் 100 தோட்டாவுக்கு மிகச் சரி. தரையைத் தொடும் இடம், அதன் பிறகு அந்தச் சின்னக் கூடுதல் அழுத்தம், இரண்டும் உள்ளங்கையில் தெரியும். நூறு தாண்டினால் கை வலிக்கும், வலித்த கை அரைகுறையாக அமுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மேசையில் பொருத்தி, ஆழத்தைக் கிளிக் கிளிக்காக வைக்கும் விலையுயர்ந்த கருவி இன்னொன்று. அதை வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கருவி கூட்டைப் பிடிப்பது விளிம்பில். விளிம்பின் தடிமன் கூட்டுக்குக் கூடு மாறும், பாக்கெட்டின் ஆழமும் மாறும். பாக்கெட்டின் தரை எங்கே இருக்கிறது என்பது கருவிக்குத் தெரியாது, அது தனக்குச் சொன்ன ஆழத்தில் நிற்கும். ஒரே தொகுதிக் கூடுகள், பாக்கெட் யூனிஃபார்மர் என்ற வெட்டுக் கருவி போட்டு ஆழத்தைச் சமப்படுத்தியவை என்றால் இது அருமையான கருவி. கலப்புக் கூடுகளை வைத்துக்கொண்டு இதை வாங்குவது வீண். என் ஓட்டு கைப்பிடிக் கருவிக்கும் ஒரு காலிப்பருக்கும்.

ஒரு கண்டிப்பு. மருந்தும் குண்டும் ஏற்றி முடித்த தோட்டாவில் பிரைமர் துருத்தியிருப்பதைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அமுக்கிடலாம்" என்று போகாதீர்கள். புல்லரால் குண்டை எடுத்து, மருந்தைக் கொட்டி, வெறும் கூட்டில் மட்டும் அந்த வேலை.

பிரைமரை மாற்றுவது

இது நியாயமாகும் இடங்கள் உண்டு, குறைவு.

கிண்ணத்தின் தடிமன் ஒன்று. சின்ன ரைபிள் பிரைமர்களில் சி.சி.ஐ. 400க்கு சுமார் 20 தவு, அதே கம்பெனியின் 450க்கு 25 தவு. ஊசியின் அடி பலவீனமான பழைய ரைபிளில் தடித்த கிண்ணம் அடம்பிடிக்கும், மெல்லியது பற்றும். ஃபெடரல் பிரைமர்கள் மென்மை என்பது நிரப்புகிறவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒன்று. ஆனால் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. ஊசி சுதந்திரமாக மிதக்கும் ஏ.ஆர். வகை ரைபிளில் மென்மையான பிரைமர், போல்ட் மூடும்போதே வெடிக்கும் அபாயத்தைக் கூட்டும்; அதற்கென்றே ராணுவத் தரத்து சி.சி.ஐ. 41 மாதிரியானவை இருக்கின்றன. அழுத்தம் கூடிய .223 சுமையில் மெல்லிய கிண்ணம் போட்டால் ஊசி துளைத்துவிடும், வாயு போல்ட்டுக்குள் பீறிடும். லேசான அடிக்கு மருந்தாக மெல்லிய பிரைமரைத் தேர்ந்தெடுப்பது, ஓட்டை வாளிக்கு அடியில் இன்னொரு வாளி வைக்கிற வேலை. ஸ்பிரிங்கை மாற்றினால் முடிகிற விஷயம் அது.

உருண்டை மணி மருந்தும் கடும் குளிரும் சேர்ந்தால் தீ அதிகம் தரும் மேக்னம் பிரைமர் உதவும். மினசோட்டா ஜனவரிக்கு அது பொருந்தும், டெக்சாஸ் மே மாதத்துக்குத் தேவையில்லை. எந்த மாற்றமானாலும் பழைய மருந்து அளவை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. 10 சதவீதம் குறைத்து, படிப்படியாக ஏற வேண்டும், பிரைமர் ஒன்றே அழுத்தத்தை மாற்றும்.

2020க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில் கிடைத்ததை வாங்கி அடுக்கிய பலரிடம் இன்னும் கலவையான டப்பாக்கள் இருக்கின்றன. பிஸ்டல் பிரைமரை ரைபிளில் போடும் ஆசை அங்கே வரும். சின்ன வகையில் இரண்டும் ஒரே அளவு, உள்ளே போய்விடும், ஆனால் கிண்ணம் மெல்லியது. பெரிய பிஸ்டல் பிரைமர் உயரம் குறைவு, ரைபிள் பாக்கெட்டில் ஆழத்தில் விழுந்துவிடும், ஊசி எட்டாது. இரண்டுமே வேண்டாம். பிரைமர்களைக் கம்பெனிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் கொட்டி வைப்பதும் வேண்டாம். ஒன்று வெடித்தால் பாட்டிலே வெடிக்கும். விரலெண்ணெய் பட்டால் பிரைமர் செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அரக்குப் பூசிய இக்காலப் பிரைமர் அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஊடுருவும் ஸ்பிரே எண்ணெய் வேறு கதை, அதை நிரப்பும் மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

துப்பாக்கியைப் பிரிப்பது

கம்பெனித் தோட்டாவிலும் 'டிக்' வந்தால் இங்கே வரவேண்டும். சொந்தத் தோட்டாவில் மட்டும் லேசான பள்ளம் என்றால், போல்ட்டைத் தொடுவதற்கு முன் கூட்டின் தோளை அளக்க வேண்டும்.

சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் சைஸிங் டையை அளவுக்கு மீறி இறக்கினால் கூட்டின் தோள் பின்னுக்குப் போய்விடும். அந்தக் கூடு சேம்பருக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள், முன்னும் பின்னும் ஆடும். ஊசி அடித்ததும் தோட்டா முன்னே ஓடிவிடுகிறது, அடியின் பாதி வீண். சுட்ட கூட்டின் தோளை, காலிப்பரில் மாட்டும் கம்பேரேட்டரால் அளந்து, போல்ட் ரைபிளுக்கு அதை விட 1 முதல் 2 தவு மட்டும் பின்னே தள்ளுங்கள், தானியங்கிக்கு 3 முதல் 5. இதைச் சரிசெய்யாமல் விட்டால் 'டிக்' போதாதென்று, நாலைந்து முறை நிரப்பிய பிறகு கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளபளப்பான ஒரு வளையம் தோன்றும். அந்த இடத்தில்தான் கூடு இரண்டாக அறும். வளைந்த கம்பியை உள்ளே விட்டுச் சுரண்டிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் கூட்டைக் குப்பையில் போடுங்கள்.

தோள் சரியாக இருந்தால் போல்ட். பெரும்பாலும் உடைந்தது எதுவும் இருக்காது, அழுக்குதான். ஊசியும் ஸ்பிரிங்கும் ஓடும் குழியில் பழைய கிரீஸ் பசையாகி ஊசியின் வேகத்தைத் தின்கிறது. பிரித்து, சால்வென்ட்டில் கழுவி, துடைத்து, ஒரு துளி மெல்லிய துப்பாக்கி எண்ணெய் மட்டும். அதன் பிறகும் அடி லேசாக இருந்தால் ஊசி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று பாருங்கள். போல்ட் ரைபிளில் பொதுவாக 55 முதல் 65 தவு. நீட்டம் சரி, அடி மட்டும் பலவீனம் என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது, மாற்றுங்கள்.

ஊரில் இருப்பவருக்கு

இங்கே நிரப்பும் மேசை இல்லை, ஆகவே முதல் இரண்டு வழிகளும் இல்லை. "வரும்போது ஒரு டப்பா பிரைமர் கொண்டு வா தம்பி" என்று வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்வதும் கூடாது. விமானத்தில் அது வெடிபொருள், இறங்கியதும் ஆயுதச் சட்டம். மீதி இருப்பது தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதும், வைத்திருக்கும் முறையும், துப்பாக்கிப் பராமரிப்பும்.

கடையில் வாங்கும்போதே அடியைத் திருப்பிப் பாருங்கள். பிரைமரைச் சுற்றிப் பச்சைப் பாசி மாதிரி களிம்பு, துருத்தல், நசுங்கல் இருந்தால் வாங்காதீர்கள். 12 போரில் காகித உடல் கொண்ட பழைய தோட்டாக்கள் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊதி, சேம்பருக்குள்ளேயே போகாது. அவற்றைத் தள்ளி வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டாம். வீட்டில் வைக்கும் இடம் தகரக் கூரைக்கு அடியிலான மாடி அறையாக இருக்கக் கூடாது. வேலூர் அக்னி நட்சத்திரத்தில் அந்த அறையின் சூடு மருந்துக்கு ஆகாது, சூடேறிய மருந்து அழுத்தத்தைக் கூட்டும். கீழ்த்தள இரும்பு பீரோ, சிலிக்கா ஜெல் பை, பூட்டு. ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்க்கும்.

பழைய வகைப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் குழலில் ஒரு உப்பு தங்கும், உப்பு ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். இதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது இங்கே வழக்கம். உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய்.

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெயைத் தேடாதீர்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ மார்கழி விடியலில் போல்ட்டுக்குள் அது வெண்ணெயாகி நிற்கும், ஊசி நகரத் திணறும். ஏப்ரலில் ஒழுங்காக வெடித்த துப்பாக்கி டிசம்பரில் 'டிக்' சொல்வதற்கு இது ஒன்றே போதும். தேர்தல் சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதும் அப்படியே மாட்டி வைக்காமல், போல்ட்டைக் கழற்றித் துடைத்துவிட்டு வையுங்கள். வாரக்கணக்கில் எண்ணெய் காணாமல் சுவரோரம் நின்றிருக்கும்.

அதற்கும் சரியாகாவிட்டால் லைசென்ஸ் பெற்ற ரிப்பேர்காரர்தான், துப்பாக்கியோடு லைசென்ஸையும் கொண்டுபோய். 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர் கலெக்டர், ஆற்காடு, வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டை கலெக்டர் என்பதால், புதுப்பிப்புத் தாளில் எந்த மாவட்டம் இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து லேத் பட்டறையில் "ஒரு ஊசி திருப்பித் தாங்கண்ணே" என்பது சுலபமாகத் தோன்றும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி பழுதுபார்ப்பதும் அதே சட்டத்தில் குற்றம் என்பது ஒரு புறம். மறுபுறம், சாதாரண மைல்டு ஸ்டீலில் திருப்பிய ஊசியின் நுனி சீக்கிரம் காளான் மாதிரி தட்டையாகும், கூராக விட்டாலோ பிரைமரைத் துளைக்கும். நுனி வழவழப்பான அரைக்கோளமாக, முறையாக ஹார்டன் செய்ததாக இருக்க வேண்டும். வாங்கும்போது லென்ஸ் வைத்துப் பாருங்கள்.